மாடு ஏற்றும் வண்டியும் மறிக்கும் விதிகளும்: சந்தைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். பால் ஊற்றும் இடம், டீக்கடை, சந்தைக்குப் போகும் வழி என்று எங்கே நின்றாலும் மாடு ஏற்றும் வண்டியைப் பற்றி யாராவது ஒரு சந்தேகம் கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் நான் வாங்கி வந்த கிடேரியையே வழியில் நிறுத்தி நான்கு மணி நேரம் வெயிலில் வைத்திருந்தார்கள். எந்தக் காகிதத்தில் குறை என்று நிறுத்தினார்கள் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்புறம்தான் விதிகளைத் தேடிப் படித்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

என் மாடு, என் வண்டி. கொண்டுபோக எதுக்குங்க சர்டிபிகேட்?

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்கு விதை. தேவையில்லாத வலி உண்டாகும்படி ஒரு விலங்கை ஏற்றிச் செல்வது அந்தச் சட்டப்படி குற்றம். எப்படி ஏற்ற வேண்டும் என்பதை 1978-இல் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன. வண்டி யாருடையது, மாடு யாருடையது என்று அதில் பிரிவினை கிடையாது.

முக்கியமானது கால்நடை மருத்துவர் தரும் சான்று. மாட்டைப் பார்த்து, பயணத்துக்குத் தாங்கும், தொற்று நோய் இல்லை என்று எழுதித் தருவார். அனுப்புகிறவர், வாங்குகிறவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், மாடுகளின் எண்ணிக்கை எழுதிய சீட்டும், முதலுதவிப் பொருள்களும் வண்டியில் இருக்க வேண்டும். 2001-இல் இன்னொரு சான்றும் சேர்த்தார்கள். எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டே ஏற்றுகிறோம் என்று, மத்திய அரசோ விலங்குகள் நல வாரியமோ அங்கீகரித்தவரிடம் வாங்க வேண்டிய சான்று அது. எங்கள் பக்கத்தில் அதை ஒருவர்கூட வாங்கி நான் பார்த்ததில்லை. யாரிடம் வாங்குவது என்றே பலருக்குத் தெரியாது.

ஒரு குட்டியானையில எத்தனை மாடு ஏத்தலாம்?

குட்டியானை என்று நாம் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியில் ஒன்று. பலரும் இரண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். 2016 ஜனவரியிலிருந்து மோட்டார் வாகன விதிகளில் 125-இ என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. மாடு, எருமை ஒவ்வொன்றுக்கும் 2 சதுர மீட்டர் இடம் வேண்டும், நடுவே நிலையான தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. 2 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ இருபத்தொன்றரை சதுர அடி. குட்டியானையின் பின்பக்கம் 7 அடி நீளம், 5 அடி அகலம், ஆக 35 சதுர அடி. இரண்டு மாட்டுக்கு 43 வேண்டும், இடிக்கிறது. பெரிய லாரியாக இருந்தாலும் 1978 விதிப்படி ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. தரையில் தென்னை நார்ப் பாய் மாதிரி வழுக்காத ஏதாவது விரிக்க வேண்டும். பக்கவாட்டில் மெத்தை மாதிரி தடுப்பு வேண்டும். மாடு பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடவே போக வேண்டும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது, தவிட்டு மூட்டை ஏற்றினாலும் தவறுதான்.

இங்கேதான் விவசாயிக்குக் கசக்கிறது. ஒரு மாட்டுக்காக முழு வண்டி வாடகை கொடுத்தால், வற்றிப்போன மாட்டை விற்றுக் கிடைப்பதில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடும்.

ஆட்டுக்கும் இதே கணக்குதானா?

ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர். அதே குட்டியானையில் பத்து ஆடு. நாலரை, ஐந்து டன் லாரியில் நாற்பதுக்கு மேல் கூடாது. மருத்துவர் சான்று ஆட்டுக்கும் வேண்டும். செஞ்சி, எட்டயபுரம், மேலப்பாளையம் சந்தைகளில் தீபாவளி, பக்ரீத் வாரங்களில் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது தெரியும்.

நிறைமாசச் சினை மாடு வாங்கியிருக்கேன். ஏத்தலாமா?

வழியில் ஈன்றுவிடும் என்று தெரிந்தால் ஏற்றக் கூடாது. ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாட்டையும் ஏற்றக் கூடாது. நோய்ப்பட்டது, கண் தெரியாதது, நொண்டுவது, எலும்பும் தோலுமாக இருப்பது எல்லாம் இதே பட்டியலில் வருகின்றன.

இந்த விதியை நான் மனதார ஏற்கிறேன். என் சித்தப்பா ஒரு தடவை மடி இறங்கிய மாட்டை அவசரப்பட்டு ஏற்றி வந்தார். வண்டியிலேயே கன்று போட்டுவிட்டது. ஓட்டுநர் பிரேக் போட்டபோது மாடு தடுமாறி, ஈரம் காயாத கன்றின் மேலேயே கால் வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது மாடு மட்டும்தான். விற்பவர் அவசரப்படுத்தினாலும் முன்பணம் கொடுத்துவிட்டு, கன்று போட்ட பிறகு நான்கு நாள் கழித்து ஏற்றுங்கள்.

நடத்தியே ஓட்டிட்டுப் போனா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?

ஊர் எல்லையிலிருந்து போய்ச் சேரும் இடம் 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் 2001-இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் ஓட்டக் கூடாது. வழியில் தண்ணீரும் தீவனமும் ஓய்வும் கொடுக்க வேண்டும். இதற்கும் மருத்துவர் சான்று வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளை நினைத்தால்தான் இந்த விதி எழுதியவர்கள் மேல் வருத்தம் வருகிறது. கிடை போட மாவட்டம் விட்டு மாவட்டம் நூற்றுக்கணக்கில் செம்மறிகளை நடத்திப் போகிறவர்கள் அவர்கள். வெயில் காலத்தில் விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடப்பதுதான் ஆட்டுக்கு இதம். விதிப்படி போனால் உச்சி வெயிலில் தார் ரோட்டில் நடத்த வேண்டியிருக்கும்.

சந்தையில அடிமாடு விக்கவே கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சாமே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. வந்தது உண்மை, நின்றதும் உண்மை.

2017 மே 23-ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. சந்தைக்கு மாடு கொண்டுவருகிறவர் வெட்டுவதற்காக விற்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். வாங்குகிறவர் தான் விவசாயி என்று காட்டி, உழவுக்குத்தான் வாங்குகிறேன் என்று உறுதி தர வேண்டும், ஆறு மாதத்துக்கு அதை விற்கவும் கூடாது. விற்பனைச் சீட்டு ஐந்து பிரதி போட வேண்டும். மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தையே இருக்கக் கூடாது. எருமையும் ஒட்டகமும்கூட இதில் அடக்கம். கேரள எல்லையை ஒட்டி இருக்கிற எங்கள் பக்கத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. ஆனால் அந்த மாதங்களில் சந்தைக்கு வந்த பயம் தீர்ப்பு வந்ததும் போய்விடவில்லை. வியாபாரிகள் வரத் தயங்கினார்கள். வந்தவர்களும் போலீஸ் பிடித்தால் நஷ்டம் என்று சொல்லியே விலையைக் குறைத்தார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற பேச்சில் அந்தப் பயத்துக்கும் ஒரு விரல் மடங்கியது. அதைத் தாங்கியவர் விற்ற விவசாயி.

அப்போ தமிழ்நாட்டுல மாடு வெட்டத் தடையே கிடையாதா?

கட்டுப்பாடு உண்டு, முழுத் தடை இல்லை. 1958-ஆம் வருடச் சட்டப்படி, பத்து வயது தாண்டி உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாடு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று கிடைத்தால் வெட்டலாம். 1976-இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டக் கூடாது என்கிறது. கேரளத்தில் பசுவுக்கு இப்படி முழுத் தடை கிடையாது, உண்பவர்களும் அதிகம். அதனால்தான் மாடு வாளையாறு, குமுளி, ஆரியங்காவு வழியாக அந்தப் பக்கம் போகிறது.

வண்டியை மறிக்க யாருக்கு அதிகாரம்? ரோட்டுல போறவங்கள்லாம் மறிக்கிறாங்க.

மாட்டைக் கைப்பற்றுகிற அதிகாரம், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியில் இருக்கும் காவல் அதிகாரிக்கோ, மாநில அரசு அதற்கென்று அதிகாரம் கொடுத்தவருக்கோதான் இருக்கிறது. 1960 சட்டத்தின் 34-ஆவது பிரிவு இது. மற்றவர்கள் புகார் கொடுக்கலாம். வண்டியை மறிப்பது, சாவியைப் பிடுங்குவது, ஓட்டுநர் மேல் கை வைப்பது எதற்கும் சட்டத்தில் இடம் இல்லை.

அப்படி யாராவது மறித்தால் வாக்குவாதம் செய்யாமல் 100-க்குப் போன் போடுங்கள், நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். காகிதம் சரியாக இருந்தால் போலீஸ் வருவது உங்களுக்குத்தான் நல்லது.

மாட்டைப் பிடிச்சு கோசாலையில விட்டுட்டா திரும்பக் கிடைக்குமா?

கிடைப்பது கஷ்டம். விதிமீறலுக்கு 1960 சட்டத்தில் அபராதம் முதல் தடவைக்கு 10 முதல் 50 ரூபாய்தான். அதை மட்டும் பார்த்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 2017-இல், சந்தை விதிகள் வந்த அதே நேரத்தில், வழக்குச் சொத்தான விலங்குகளைப் பராமரிக்கும் விதிகள் என்று இன்னொன்றும் வந்தது. பிடிபட்ட மாட்டை வழக்கு முடியும் வரை கோசாலையிலோ விலங்கு நல அமைப்பிலோ வைக்கலாம், அதுவரை ஆகும் தீவனச் செலவை மாட்டுக்காரரிடம் வாங்கலாம் என்கிறது. வழக்கு ஒரு வருடம் இழுத்தால் செலவு மாட்டின் விலையைத் தாண்டிவிடும். குற்றம் நிரூபணமாகும் முன்பே மாடு போய்விடுகிறது.

எருமை வியாபாரிகள் சங்கம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2021 ஜனவரியில் நீதிபதிகள், இந்த விதிகளை மாற்றுங்கள், இல்லையென்றால் தடை விதிப்போம் என்றார்கள். தண்டனை வந்த பிறகுதான் பறிமுதல் என்று மூலச் சட்டமே சொல்லும்போது, அதற்கு முன்பே பறிப்பது எப்படி என்பதுதான் அங்கே கேள்வி. எங்கள் கேள்வியும் அதேதான்.

பால் கொடுத்த மாட்டை விக்காம கடைசி வரை வெச்சுக் காப்பாத்தினா என்ன? பாவம் இல்லையா?

ஊரிலிருந்து வந்த என் மைத்துனர் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

என் கணக்கைச் சொல்கிறேன். வற்றிய மாட்டுக்கு வைக்கோல், பச்சை, கொஞ்சம் தவிடு என்று நாளுக்கு 150 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு ஐம்பத்தைந்தாயிரம் பக்கம். ஏழு, எட்டு ஈத்துக்குப் பிறகு ஒரு மாடு இன்னும் ஐந்து, ஆறு வருடம் உயிரோடு இருக்கும். ஆறு மாட்டில் இரண்டு அப்படி நின்றால், மற்ற நான்கின் பாலில் என் வீடு ஓடாது. விற்கும் வயதான மாட்டின் பணம்தான் அடுத்த கிடேரிக்கு முதல். இந்தக் கதவை மூடினால் புது மாடு வாங்க ஆள் இருக்காது, தொழுவத்தில் மாடே இருக்காது.

விற்கிற நாளில் மனது கனக்காமல் இல்லை. எங்கள் அம்மா, விற்ற மாட்டின் பழைய மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து வாங்கி வைத்துக்கொள்வார், புதுக் கயிறு போட்டுத்தான் அனுப்புவார். இப்போதும் தொழுவத்து ஆணியில் நாலைந்து கயிறு தொங்குகின்றன.

கதவை மூடினால் என்ன ஆகும் என்று பார்க்க உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். வாங்க ஆள் இல்லாமல் அவிழ்த்துவிட்ட மாடுகள் கோதுமையிலும் கரும்பிலும் இறங்குகின்றன, விவசாயிகள் ராத்திரியெல்லாம் வயலில் காவல் இருக்கிறார்கள். 2019 கணக்கெடுப்பில் அங்கே தெருவில் திரிந்த மாடுகள் ஏறத்தாழ 11.8 லட்சம். குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று சாகிற மாட்டைப் பாவம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

காளைக்கன்னு பிறந்தா என்ன பண்றதுங்க?

உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது. கலப்பினக் காளைக்கன்றுக்கு வண்டியிலும் வேலை இல்லை. மேலே சொன்ன கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும். கிடேரியாகவே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி இப்போது கிடைக்கிறது, உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். எல்லா மாட்டுக்கும் சினை பிடிக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அப்போ விவசாயிங்க எல்லாரும் இந்த விதிக்கு எதிரிதானா?

இல்லை, இதைத்தான் வெளியில் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மார்கழி விடியலில் சந்தை ஓரம் ஒரு லாரியை இறக்கினார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்தது. எண்ணினேன், இருபத்து மூன்று மாடு. உட்காராமல் இருக்கக் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்திருந்தார்கள், எல்லாவற்றுக்கும் கண் சிவந்து நீர் கொட்டியது. ஒரு வெள்ளைப் பசுவின் வால் நடுவில் முறிந்து தொங்கியது. எழுப்ப முறுக்கியிருக்கிறார்கள். பலகையில் கால் வைக்கத் தெரியாமல் அது நடுங்கிக்கொண்டே நின்றது. என்னோடு இருந்த பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அங்கே நின்ற விவசாயி ஒருவர்கூட அந்த லாரிக்காரருக்குப் பரிந்து பேசவில்லை.

மாடு வண்டியில் எப்படிப் போக வேண்டும் என்கிற விதி எங்களுக்கு வேண்டும். மாட்டை யாருக்கு விற்கலாம் என்று கையைக் கட்டுகிற விதி வேண்டாம். இரண்டையும் ஒரே பெயரில் கலப்பதால்தான் சண்டை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்பதை மறைவான காரியமாக ஆக்கினால், லாரி ராத்திரியில் ஓடும், குறுக்கு வழியில் ஓடும், ஒரே நடையில் இருபத்து மூன்றை அடைக்கும். பகலில் பயமில்லாமல் போக முடிந்தால்தான் ஆறு மாடு ஏற்றிய வண்டியை எதிர்பார்க்க முடியும்.

நோய் வந்தா சந்தையை மூடுறாங்களே, அதுவும் அநியாயம்தானா?

அதை ஏற்கத்தான் வேண்டும். கோமாரி ஒரு தொழுவத்தில் நுழைந்தால் பால் பாதியாகிவிடும். 2022-இல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத்தில் எத்தனை மாட்டைக் கொன்றது என்று பார்த்தோம். தொற்று நோய்த் தடுப்புக்கு 2009-இல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் எத்தனை நாள் மூடுவோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், தடுப்பூசி போட்ட மாட்டுக்கு வழிவிடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

கப்பல்ல உயிரோட ஏத்துமதி பண்றதைத் தடுத்தா நமக்கென்ன?

தமிழ்நாட்டு விவசாயிக்கு நேரடியாக அதிகம் இல்லை. கட்ச் பகுதியின் டுனா துறைமுகத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு ஆடுகள் போய்வந்தன. 2018 டிசம்பரில் குஜராத் அரசு அதை நிறுத்தியது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2023 ஜூனில் மத்திய அரசு, 1898-ஆம் வருடத்து இறக்குமதிச் சட்டத்தை மாற்றி, உயிருள்ள விலங்கு ஏற்றுமதியையும் சேர்த்து ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. கருத்துச் சொல்லப் பத்து நாள்தான் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. ஆடு வளர்க்கிறவரிடம் கேட்டு அந்த மசோதாவை எழுதியதாகவும் தெரியவில்லை, கேட்டுத் திரும்பப் பெற்றதாகவும் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவுல தடையே பண்ணிட்டாங்களே, அங்க விவசாயிங்க என்ன சொல்றாங்க?

2017 ஆகஸ்டில் அவாசி எக்ஸ்பிரஸ் என்ற கப்பலில் வெப்பம் தாங்காமல் சுமார் 2,400 செம்மறிகள் செத்தன. மறு வருடம் அந்தக் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தபோது நாடே அதிர்ந்தது. 2024 ஜூலையில் சட்டம் நிறைவேறியது: 2028 மே 1-இலிருந்து செம்மறியைக் கடல் வழியாக உயிரோடு அனுப்ப முடியாது. மாட்டுக்கு அந்தத் தடை இல்லை. மேற்கு ஆஸ்திரேலிய ஆட்டுக்காரர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள். 2018-க்குப் பிறகு கோடை மாதங்களில் கப்பல் விடுவதை நிறுத்தினோம், இடம் கூட்டினோம், சாவு குறைந்தது, அதற்குப் பரிசு தடையா என்று கேட்கிறார்கள்.

அவர்களிடம் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2011 ஜூனில் இந்தோனேசியாவுக்கு மாடு அனுப்புவதை அந்நாட்டு அரசு ஒரே நாளில் நிறுத்தியது. வட பகுதி மாட்டுப் பண்ணையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2020-இல், அந்தத் தடை உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்பது வருடம் கழித்து வந்தாலும் நஷ்டத்துக்குப் பொறுப்பு அரசுதான் என்று எழுத்தில் வந்தது. 2028 தடைக்கும் நாலு வருட அவகாசமும் மாற்றத்துக்கான நிதியும் கொடுத்திருக்கிறார்கள். போதாது என்று அவர்கள் சொல்கிறார்கள். நமக்கு 2017-இல் ஒரு நாள் அவகாசம்கூட இல்லை.

இவ்வளவு விதியையும் நடைமுறையில கடைப்பிடிக்க முடியுமாண்ணா?

இன்றைக்கு இருக்கிற ஏற்பாட்டில் முழுதாக முடியாது. சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும், மருந்தகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். சான்று வாங்கிக்கொண்டு போனால் நல்ல வியாபாரி போயிருப்பார். சந்தை நாளில் சந்தைக்கு உள்ளேயே ஒரு மருத்துவரை உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தடுப்பு வைத்த வண்டி இரண்டைப் பால் சங்கமோ ஊராட்சியோ வாங்கி வாடகைக்கு விட்டால் மீதியில் பாதி தீரும். மனு கொடுத்திருக்கிறோம், நீங்களும் உங்கள் ஊரில் கொடுங்கள்.

நாளைக்குச் சந்தைக்குப் போறேன். சுருக்கமா என்னென்ன எடுத்துக்கணும்?

முந்தின நாள் மாலையே மருத்துவர் சான்று வாங்கிவிடுங்கள். மாட்டின் காதில் இருக்கும் 12 இலக்க மஞ்சள் அட்டை எண் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். என்னை நிறுத்தியபோது ஓர் எண் மாறியிருந்தது. விற்பவர், வாங்குபவர் விவரம் எழுதிய சீட்டு ஒன்றை ஓட்டுநரிடமும் ஒன்றை உங்கள் சட்டைப் பையிலும் வையுங்கள். வண்டிக்கு நார்ப் பாய், ஒரு வாளி, ஒரு கேன் தண்ணீர். மாட்டை முன்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். தலைக்கயிற்றை இழுத்துக் கட்டாமல், தலையை அசைக்க முடிகிற அளவுக்கு விட்டுக் கட்டுங்கள். விற்றாகிவிட்டால், வாங்கியவரின் வண்டியில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அதிகம் என்று பட்டால் அடுத்த நடைக்கு ஏற்றச் சொல்லுங்கள். கயிறு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கும், சொல்ல முடியும்.